மணகோலச் சட்டியும் மணியடிக்கும் போனும்

காரைக்குடியில் எங்களுக்குச் சின்னப் பலகாரக் கடை. முகூர்த்த மாதம் வந்தால் மணகோலம் என்ற செட்டிநாட்டுப் பலகாரம் பொரிக்கும் எண்ணெய்ச் சட்டி இறங்காது. கையெல்லாம் மாவு; போன் அடித்து ஓயும். கடியாபட்டி ஆச்சி ஒருவர் நேரில் வந்தே சொல்லிவிட்டார்: "மூணு தடவை அடிச்சேன் தம்பி, எடுக்கலை. சீர்ப் பலகாரம் வேற இடத்துல சொல்லிட்டேன்."

அன்றைக்கே கிளவுட் போன் எண் ஒன்று வாங்கினேன். கடையில் பெட்டியோ ஒயரோ கிடையாது. அழைப்பு அவர்கள் சர்வருக்குப் போய், அங்கிருந்து நம் செல்போன்களுக்கு வரும். முதலில் கல்லா, இருபது விநாடியில் எடுக்காவிட்டால் நான், அப்புறம் மச்சான். தவறிய எண்ணெல்லாம் பட்டியலில் நிற்கும். கரண்ட் போனாலும் கவலையில்லை.

பழைய எண்ணை விட மனசில்லை, பலகார டப்பா எல்லாவற்றிலும் அதுதான். அதைப் புது எண்ணுக்கு ஃபார்வர்ட் செய்தேன். ஒரு அழைப்பும் வரவில்லை! கல்லா போனில் இருந்ததும் அந்தப் பழைய எண்ணின் சிம்தான். சர்வர் அதற்கு அனுப்ப, அது திரும்ப சர்வருக்கே அனுப்ப, ஒரே சுற்றல். கல்லாவுக்கு வேறு சிம் போட்டதும் சரியானது.

அழைத்ததும் "ஆர்டருக்கு ஒன்றை அழுத்தவும்" என்று சொல்லும் பதிவுக் குரலை மட்டும் ஒரே வாரத்தில் எடுத்துவிட்டேன். ஆச்சிமார் அதனிடமே, "அதிரசம் எவ்வளவுப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.