பத்து மீட்டர் ஏர் ரைபிள்: கிளப் ரேஞ்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்து மீட்டர் ஏர் ரைபிள் டார்கெட்டில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி குறுக்களவில் அரை மில்லிமீட்டர்தான். சுடுகிற பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. புள்ளியைவிடக் குண்டு ஒன்பது மடங்கு பெரியது. இதைக் கேட்டதும், புதிதாகக் கிளப்பில் சேர்ந்தவர்கள் கூர்மையான கண்ணும் ஆடாத கையும் இருந்தால் போதும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஷாட் சரியில்லை என்றால் உடனே விரலைக் குறை சொல்கிறார்கள், இல்லையென்றால் குறிபார்க்க உதவும் சைட்டைத் திருகுகிறார்கள். பெரும்பாலான ஷாட்கள் அதற்கு வெகு முன்னாலேயே, பாதம் வைத்த இடத்திலேயே கெட்டுவிடுகின்றன.

அதைப் பேசுவதற்கு முன், பாதுகாப்பு. இதில் சின்னத் தவறு, பெரிய தவறு என்று எதுவும் கிடையாது. ஏர் ரைபிள்தானே என்ற அலட்சியத்தோடு, பக்கத்து லேனில் இருப்பவரிடம் பேசத் திரும்பும்போது குழலும் சேர்ந்து திரும்புகிறது. ரைபிள் கையில் இருக்கும்வரை குழல் டார்கெட் பக்கம்தான் இருக்க வேண்டும். பேச வேண்டுமென்றால் கீழே வைத்துவிட்டுப் பேசுங்கள். சுடாத நேரத்தில் குழலுக்குள் குண்டு இல்லை என்று காட்டும் பாதுகாப்புக் கொடி இருக்க வேண்டும். யாராவது சுடும் கோட்டைத் தாண்டி டார்கெட் பக்கம் போயிருந்தால் ரைபிளைத் தொடவே கூடாது, சைட்டைத் துடைப்பதற்குக்கூட. ‘ஸ்டாப்’ என்று குரல் வந்த பிறகு ‘இந்த ஒன்றை மட்டும்’ என்று சுடுகிறவரை எந்த ரேஞ்ச் ஆபீசரும் மன்னிக்கக் கூடாது என்பது என் கருத்து.

இனி நிற்கும் முறை. விதிப்படி ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். போட்டித் தகுதிச் சுற்றில் 60 ஷாட், எலக்ட்ரானிக் டார்கெட் என்றால் அதற்கு 75 நிமிடம். இவ்வளவு நேரம் கைத்தசையால் அந்த எடையைத் தாங்கினால் இருபதாவது ஷாட்டுக்குள் தோள் நடுங்க ஆரம்பித்துவிடும். எடையை எலும்புதான் தாங்க வேண்டும். வலக்கையால் சுடுகிறவர் என்றால், இடுப்பைச் சற்று டார்கெட் பக்கம் தள்ளி, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் அமர்த்த வேண்டும். எடை முன்கை வழியாக இடுப்புக்கு இறங்கி, இடது காலுக்குப் போய்ச் சேரும். புதியவர்களின் முழங்கை இடுப்பைத் தொடாமல் அந்தரத்தில் தொங்குவதைப் பல ரேஞ்சுகளில் பார்க்கலாம். ‘ஜாக்கெட் தாங்கிக்கொள்ளும்’ என்பார்கள். ஜாக்கெட்டின் தடிமனே 2.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அது முதுகுக்கு ஆதரவு தரும், கையின் வேலையைச் செய்யாது.

இதைவிட முக்கியமானது உடல் தானாக எந்தத் திசையை நோக்குகிறது என்பது. ரைபிளைத் தோளில் வைத்து நிலைகொண்ட பிறகு கண்ணை மூடுங்கள். இரண்டு மூன்று முறை மூச்சுவிட்டு, உடலைத் தளர்த்திவிட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள். சைட் கறுப்பு வட்டத்துக்கு வலப்பக்கம் நிற்கிறது என்றால் உங்கள் உடல் அங்கேதான் சுட விரும்புகிறது. இங்கேதான் எல்லோரும் சறுக்குவது: கையால் ரைபிளை இடப்பக்கம் இழுத்துப் பத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். படம் அழகாகத் தெரியும். விசை (டிரிக்கர்) விடுபடும் கணத்தில் இழுத்துப் பிடித்த தசை தளரும், குழல் பழைய இடத்துக்கே திரும்பும், ஷாட் வலப்பக்கம் எட்டில் போய் விழும். கையால் திருத்தக் கூடாது, பின்காலைக் கொஞ்சம் நகர்த்தித் திருத்த வேண்டும். மறுபடி கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனை தொடரின் ஆரம்பத்தில் ஒரு முறை செய்துவிட்டு மறக்கிற சடங்கு அல்ல. பாதம் அசைந்தாலோ, தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பினாலோ மறுபடி செய்ய வேண்டும்.

கன்னத்தை ரைபிளின் கட்டையில் வைப்பதும் அப்படித்தான், ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே அழுத்தம். கணக்குப் போட்டால் காரணம் புரியும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் சுமார் 80 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நேராக நிற்பதில் 0.1 மி.மீ. பிசகினால் பத்து மீட்டரில் அது 1.25 மி.மீ. ஆகிவிடும், அதாவது அரை வளையம். அதனால் பார்வை முன் சைட்டின் வளையத்தில் நிலைக்க வேண்டும், டார்கெட் கொஞ்சம் மங்கலாகவே இருக்கட்டும். முன் வளையத்தைச் சின்னதாகப் போட்டால் துல்லியம் கூடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. கறுப்பைச் சுற்றி வெள்ளை தெளிவாகத் தெரியாவிட்டால் கண் தவித்துக்கொண்டே இருக்கும், ஷாட் தாமதமாகும். இன்னொரு கண்ணை இறுக்கி மூடுவதும் வேண்டாம், முகத்தசை முழுக்க இறுகும். 30 மி.மீ. அகலம் வரை ஒரு மறைப்பு வைத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது.

பிறகு, விடாப்பிடியாகக் குறிபார்த்தல். குறிபார்க்க ஆரம்பித்து எட்டு, பத்து நொடி தாண்டிவிட்டால் அந்த ஷாட்டைக் கைவிட வேண்டும். மூச்சை அடக்கியதில் இதயத்துடிப்பு குழலில் தெரிய ஆரம்பிக்கும், கண்ணோ சற்று முன் பார்த்த நல்ல படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ரைபிளை இறக்கி வைத்துவிட்டு மறுபடி எடுப்பது ஒரு திறமை. அதைக் கோழைத்தனமாக நினைத்து, பத்து தெரிந்த கணத்தில் விசையை வெடுக்கென்று இழுக்கிறார்கள். சுட்ட மறுகணமே தலையைத் தூக்கி மானிட்டரைப் பார்ப்பதும் இதே அவசரத்தின் மறுபக்கம். பெல்லட் நொடிக்குச் சுமார் 175 மீட்டர் வேகத்தில்தான் போகிறது, குழலைவிட்டு வெளியேறவே அதற்கு நேரம் எடுக்கும். சுட்ட பிறகும் ஓரிரு நொடி அப்படியே நின்று, ஷாட் எங்கே போயிருக்கும் என்று மனதில் சொல்லிக்கொண்டு, பிறகு பாருங்கள்.

அந்த வழக்கம் இருந்தால் இன்னொரு பெரிய தவறும் குறையும். ஒரு ஷாட் இடப்பக்கம் ஒன்பதில் விழுந்ததும் சைட்டின் திருகில் இரண்டு கிளிக், அடுத்தது வலப்பக்கம் போனால் திரும்ப இரண்டு கிளிக் என்று குண்டைத் துரத்திக்கொண்டே போவது. ஷாட் கெட்டது உங்களாலா சைட்டாலா என்று தெரியாமல் கிளிக்கைத் தொடாதீர்கள். சரியாக விட்டதாக நீங்கள் நம்பும் நான்கைந்து ஷாட்களும் ஒரே பக்கம் கூட்டமாக விழுந்தால் மட்டும் திருப்புங்கள்.

கவனம் எங்கே போகிறது என்பதற்கு அமெரிக்கரான மேத்யூ எம்மன்ஸின் கதையைவிடப் பெரிய பாடம் இந்த விளையாட்டில் இல்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலை (முழங்காலிட்டு, படுத்து, நின்று சுடும்) போட்டியின் இறுதிச் சுற்று. கடைசி ஷாட்டுக்கு முன் மூன்று புள்ளி முன்னிலை, தங்கத்துக்குச் சுமாரான ஷாட் ஒன்று போதும். எப்போதும் டார்கெட்டுக்கு மேலே இருக்கும் எண்ணைச் சைட்டில் பார்த்துவிட்டுக் கீழே இறங்குகிறவர், அன்று மனதை அமைதிப்படுத்துவதிலேயே கவனமாக இருந்து எண்ணைப் பார்க்கவில்லை. இரண்டாவது லேனில் நின்றவர் மூன்றாவது லேனின் டார்கெட்டில் சுட்டார். அந்த ஷாட்டுக்குப் பூஜ்யம், எட்டாவது இடம். 2008 பெய்ஜிங்கிலும் அதே போட்டியில் முன்னிலையில் இருந்தார். கடைசி ஷாட்டில் குழல் கீழே இறங்கும்போதே விரல் விசையில் பட்டுவிட்டது: 4.4, நான்காவது இடம். 2012 லண்டனில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கும்வரை அவர் விடவில்லை, அது தனி மரியாதைக்குரியது.

அதே பெய்ஜிங்கில், பத்து மீட்டர் ஏர் ரைபிள் இறுதியில் அபினவ் பிந்த்ரா கடைசி ஷாட்டுக்கு முன் பின்லாந்தின் ஹென்ரி ஹாக்கினனோடு சமநிலையில் இருந்தார். கடைசி ஷாட்டில் பிந்த்ரா 10.8, ஹாக்கினன் 9.7; தங்கம் பிந்த்ராவுக்கு. அவ்வளவு அழுத்தத்திலும் வேலை செய்வது பழகிய வரிசைதான். கிளப்பில் சுடும்போதே லேன் எண்ணைப் பார்ப்பது, பாதம், கன்னம், மூச்சு, விசை என்று உங்கள் வரிசையை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். தொடரின் நடுவே மொத்தம் எவ்வளவு வரும் என்று கூட்டிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள்.

சேர்ந்த மாதமே லட்சக்கணக்கில் ரைபிள் வாங்கிவிடும் பெற்றோர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. முதலில் கிளப் ரைபிளில் பழகட்டும். அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட்டுக்கும் காலணிக்கும் செலவழித்தால் பலன் அதிகம். பழைய ரைபிள் வாங்கினால் காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். பத்தாண்டு தாண்டியதைச் சர்வதேசப் போட்டிகளில் அனுமதிப்பதில்லை, பாதுகாப்புக்காகவும் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. பெல்லட் ஈயத்தால் ஆனது. அதை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் சிறுவர்களிடம் இருந்தால் அன்றே நிறுத்துங்கள். ரேஞ்சுக்குள் பிஸ்கட்டும் டீயும் வேண்டாம், வெளியே வந்து சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு சாப்பிடலாம்.