சிரப் அளவில் எங்கே தப்பு நடக்கிறது?

குழந்தைக்கு மருத்துவர் தந்த சீட்டில் 5 மி.லி. என்று எழுதியிருக்கும். கை தானாகவே சமையலறை ஸ்பூனுக்குப் போகும். ஒரு ஸ்பூனில் 3 மி.லி. நிற்கும், இன்னொன்றில் 7 நிற்கும். பெரிய டேபிள்ஸ்பூன் என்றால் 15, அதாவது மூன்று மடங்கு. பாட்டிலோடு வரும் அளவு மூடியைச் சமதளத்தில் வைத்து, குனிந்து, கண்மட்டத்தில் பாருங்கள். 5 மி.லி.க்குக் குறைந்த அளவுக்கு ஊசியில்லாத சிரிஞ்ச்தான் சரி. காற்றுக்குமிழி இருந்தால் மருந்தைப் பாட்டிலுக்கே தள்ளிவிட்டு மறுபடி இழுங்கள். குமிழி பிடித்த இடத்தில் மருந்து இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து, மி.லி.யை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருப்பது. பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் ஒரு வேளைக்கு 150 மி.கி. வேண்டும். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் அது 6 மி.லி.; 250 மி.கி. உள்ளது என்றால் 3 மி.லி.தான். டிராப்ஸில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும், ஆகவே ஒன்றரை மி.லி. போதும். "போன தடவை 6 மி.லி. கொடுத்தோமே" என்று அதே 6 மி.லி.யை டிராப்ஸில் கொடுத்தால் 600 மி.கி. உள்ளே போய்விடும். ஒவ்வொரு புதுப் பாட்டிலிலும் லேபிளைப் படியுங்கள். ஒரு பாட்டிலின் டிராப்பரை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். சளி சிரப்புகள் சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும் என்பதால், காய்ச்சல் மருந்தோடு சேர்த்துக் கொடுக்குமுன் அதையும் பாருங்கள்.

கலங்கலாக இருக்கும் மருந்தைக் குலுக்காமல் ஊற்றினால் முதல் வேளைகளில் சத்தில்லாத தண்ணீரும், கடைசி வேளைகளில் அடியில் தங்கிய கெட்டி மருந்தும் போகும். தூளாக வரும் ஆன்டிபயாட்டிக்கில் இன்னொரு சிக்கல். முதலில் பாட்டிலைத் தட்டித் தூளை உதிர்த்துவிட்டு, காய்ச்சி நன்றாக ஆறிய நீரைப் பாட்டிலில் உள்ள அளவுக் குறிக்குப் பாதி வரை விட்டுக் குலுக்குங்கள். நுரை அடங்கட்டும். பிறகுதான் குறிவரை நிரப்ப வேண்டும். நுரையோடு அளந்தால் தண்ணீர் குறைந்து மருந்து கெட்டியாகிவிடும். சுடுநீர் மருந்தைக் கெடுக்கும். கலந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதிவையுங்கள். அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட் கலவை ஃபிரிட்ஜில் 7 நாள்தான் தாங்கும், ஃப்ரீசரில் வைக்கவும் கூடாது.

கொடுக்கும்போது குழந்தையை நிமிர்த்தி உட்காரவையுங்கள். சிரிஞ்சின் சிறு மூடியைக் கழற்றி எறிந்துவிடுங்கள், தொண்டையில் சிக்கக்கூடியது அது. கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நேராகத் தொண்டைக்குப் பீய்ச்சினால் புரையேறும். பால் பாட்டில் முழுக்கக் கலப்பதும் வேண்டாம். பாதியில் நிறுத்திவிட்டால் எவ்வளவு மருந்து போனது என்று யாராலும் சொல்ல முடியாது. குடித்தவுடன் வாந்தி எடுத்தாலும் அதே குழப்பம்தான். மருத்துவரைக் கேட்காமல் மறுபடி கொடுக்காதீர்கள்.

அளவு கூடிப்போனது தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், காத்திருந்து பார்க்கவும் வேண்டாம். பாராசிட்டமால் கூடிய குழந்தை முதல் நாள் நன்றாக விளையாடிக்கொண்டே இருக்கலாம்; கல்லீரல் பாதிப்பு பிறகுதான் வெளியே தெரியும். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எத்தனை மணிக்கு, எத்தனை மி.லி. என்பதுதான் அங்கே முதலில் கேட்கப்படும்.