பார்படோஸ் மக்களின் மரபணுவில் கப்பல் தடம் தேடுவோம்: முதல் பயிற்சி

மரபணுவைத் தனியாக வைத்துக்கொண்டு பார்த்தால் அது எந்த ஊர்க் கதையையும் சொல்லாது. பக்கத்தில் ஒப்பிட ஆள் வேண்டும். பழகுவதற்கு நான் கரீபியன் பகுதியின் பார்படோஸ் தீவையே சொல்வேன். 1627இல் ஆங்கிலேயர் குடியேறினார்கள். 1640களில் கரும்பு வேரூன்றியதும் ஆப்பிரிக்கர்களைக் கப்பல் கப்பலாக அடிமைகளாய்க் கொண்டுவந்து இறக்கினார்கள். விடை பாதி தெரிந்த கணக்கு என்பதால், எங்கே தவறினோம் என்பது சீக்கிரம் புலப்படும்.

படி 1: தரவு. உலகின் பல குழுக்களின் மரபணுத் தொகுப்பைப் படித்துப் பதிந்த 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத் தரவு இலவசம்; 26 குழுக்கள், 2,504 பேர். பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேரும் அதில் உண்டு, ஆனால் இன்று அவர்கள் வேண்டாம். பார்படோஸ்காரர் 96, அமெரிக்கத் தென்மேற்கில் வாழும் ஆப்பிரிக்க வழியினர் 61, நைஜீரியாவின் யொரூபா மக்கள் 108, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஐரோப்பிய வழியினர் 99 பேர் போதும். எடுத்தவுடன் முழுத் தரவையும் இறக்காதீர்கள். 22ஆம் குரோமோசோமில் மட்டும் தொடங்குங்கள்; அது ஒன்றிலேயே 11 லட்சம் மாறுபாடுகள், அதாவது ஆளுக்கு ஆள் மரபணு எழுத்து வேறுபடும் இடங்கள், இருக்கின்றன.

படி 2: சலித்தல். பிளிங்க் என்ற இலவச மென்பொருளில் அரிய மாறுபாடுகளை நீக்குங்கள். பிறகு, அருகருகே இருந்து ஒன்றாகவே கடத்தப்படும் மாறுபாடுகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். இல்லாவிட்டால் ஒரே சாட்சியைப் பத்து முறை விசாரித்த கதையாகும்.

படி 3: வரைபடம். அதே மென்பொருளில் முதன்மைக் கூறு பகுப்பாய்வு செய்யுங்கள்; மரபணுவில் ஒத்தவர்களை அருகிலும் வேறுபட்டவர்களைத் தொலைவிலும் புள்ளிகளாகக் காட்டும் முறை அது. யொரூபா ஒரு முனையில், ஐரோப்பியர் மறுமுனையில் நிற்பார்கள். பார்படோஸ்காரர்கள் யொரூபாவை ஒட்டி, ஐரோப்பிய முனை நோக்கி வால்போல் நீள்வார்கள்.

படி 4: பங்கு. ஒவ்வொருவருக்கும் எந்த மூதாதைக் குழுவின் பங்கு எவ்வளவு என்று கணிக்கும் அட்மிக்ஸ்சர் மென்பொருளில் அக்குழுக்களின் எண்ணிக்கையை 2 என்று கொடுங்கள். பார்படோஸில் ஆப்பிரிக்கப் பங்கு பத்தில் ஒன்பதை ஒட்டியும், அமெரிக்கக் குழுவில் நான்கில் மூன்றை ஒட்டியும் வரும். இங்கேதான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். 2 என்று நீங்கள் சொன்னதால்தான் அது இரண்டாகப் பிரித்தது. அமெரிக்கக் குழுவில் சிலருக்குப் பூர்வகுடி அமெரிக்க வழியும் உண்டு. அதை மென்பொருள் பெரும்பாலும் ஐரோப்பியப் பெட்டிக்குள் திணித்துவிடும். அதே தரவில் பூர்வகுடி வழி மிகுந்த பெரு நாட்டுக் குழுவைச் சேர்த்து 3 கொடுத்துப் பாருங்கள், அந்தப் பங்கு தனியே பிரியும். யொரூபாவும் ஒரு பதிலிதான், உண்மையான மூதாதையர் எல்லோருக்கும் மாற்றாக நாம் நிறுத்திய குழு. கப்பல்கள் செனகாம்பியா முதல் அங்கோலா வரை பல கரைகளிலிருந்து ஆட்களை ஏற்றின.

படி 5: தாய்வழி, தந்தைவழி. செல்லுக்குள் தனி மரபணுவோடு இருக்கும் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்தும், ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்தும் வருபவை. இக்குழுக்களில் தாய்வழி பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் எல் கிளைகள்தாம். தந்தைவழியில் மேற்கு ஐரோப்பாவின் ஆர்1பி கிளை, தாய்வழியின் ஐரோப்பியப் பங்கைவிடக் கூடுதலாக இருக்கும். தோட்டத்தில் அதிகாரம் யார் கையில் இருந்தது, யாருடைய உடலுக்குப் பாதுகாப்பு இல்லை என்பது இந்த ஏற்றத்தாழ்வில் தெரிகிறது. இதைக் 'கலப்பு' என்ற மென்மையான சொல்லால் கடந்துபோவது எனக்கு உவப்பானதல்ல.

படி 6: காலம். தலைமுறைதோறும் குரோமோசோம்கள் துண்டாகி மறுபடி இணைவதால், பழைய கலப்பின் துண்டுகள் குட்டையாக இருக்கும். 100ஐ, ஐரோப்பிய மூதாதையிடமிருந்து அறுபடாமல் வந்த துண்டின் சராசரி நீளத்தாலும் (குரோமோசோம் தூரத்தை அளக்கும் சென்டிமார்கன் அலகில்), ஆப்பிரிக்கப் பங்காலும் வகுத்தால் தலைமுறை எண்ணிக்கை கிடைக்கும். சராசரி 14, பங்கு 0.88 என்று வைத்துக்கொண்டால் விடை சுமார் 8. தலைமுறைக்கு 28 ஆண்டு என்றால் ஏறத்தாழ 225 ஆண்டுகள். அது ஒரு சம்பவத்தின் தேதி அல்ல, பல தலைமுறைகளாக நடந்ததன் சராசரி. இந்தப் படிக்கு மட்டும், பால் குரோமோசோம்கள் நீங்கலாக, 1 முதல் 22 வரையிலான எல்லாக் குரோமோசோம்களும் தேவை. ஒன்றே ஒன்று, அதுவும் குட்டையானது என்றால் நீளமான துண்டுகள் விளிம்பில் அறுபட்டுவிடும்.

படி 7: ஆவணம். அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் 36,000க்கும் மேற்பட்ட கப்பல் பயணங்கள் இணையத்தில் தொகுக்கப்பட்டுள்ளன. பார்படோஸில் இறங்கியவற்றை மட்டும் பிரித்து, எந்தக் கரையிலிருந்து எந்த ஆண்டுகளில் அதிகம் வந்தன என்று பாருங்கள். கூடவே 1817இல் தொடங்கிய தீவின் அடிமைப் பதிவேடுகளையும் புரட்டுங்கள். அப்போதே பெரும்பாலோர் தீவில் பிறந்தவர்களாகத்தான் இருந்தார்கள்.