ஸ்லாவியப் பெயர்விகுதிகள்: மறைந்துபோன உயிரை மறக்க வேண்டாம்

ருஷ்ய மொழியின் சொல்லாக்கத்தைப் படிக்கத் தொடங்கியவர்களின் பயிற்சித்தாள்களைத் திருத்தும்போது, நான் மாணவனாக இருந்த நாளில் எழுதிய பிழைகளையே திரும்பப் படிக்கிறேன். எழுத்துப்பிழைகள் பழக்கத்தில் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, சொல்லைப் பிரிப்பதில் வரும் பிழைகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

இன்றைய வடிவத்தையே பழைய வடிவமாகக் கொள்வது

‘ருகா’ என்றால் கை. அதிலிருந்து பிறந்த ‘ரூச்கா’ சிறு கையையும் கைப்பிடியையும் பேனாவையும் குறிக்கும். ககரம் ஏன் சகரமாயிற்று? விகுதி வெறும் ‘கா’ என்று நம்பிய நான், இரண்டு ககரங்கள் அடுத்தடுத்து வருவதைத் தவிர்க்க முன்னது திரிந்தது என்று விதி வகுத்து, அதற்குச் சான்று சேர்ப்பதில் இரண்டு மாதங்களைக் கழித்தேன். “அப்படியானால் ‘ருச்னோய்’ என்பதில் இரண்டாவது ககரம் எங்கே?” என்று ஆசிரியர் கேட்டார். கையால் ஆனது என்னும் பொருளுடைய அச்சொல்லில் அடுத்து வருவது னகரம். என் விதி அங்கேயே விழுந்தது.

உண்மையில், ஸ்லாவிய மொழிகளின் மூலமொழியான தொல்ஸ்லாவியத்தில் அவ்விரு விகுதிகளும் ஒரு குறுகிய இகரத்தில் தொடங்கின. நம் குற்றியலுகரத்தைப் போல அதுவும் ஒலி குறைந்தது. ககரத்தைச் சகரமாக்கிய அந்த உயிர், ஏறத்தாழ 10 முதல் 13ஆம் நூற்றாண்டுக்குள் தானும் மறைந்தது. எல்லா இடத்திலும் மறையவில்லை என்பதுதான் சிக்கல். இத்தகைய குறுகிய உயிர்களை (குற்றுயிர்களை) சொல்லின் கடைசியிலிருந்து எண்ணினால் ஒற்றைப்படை இடத்துக் குற்றுயிர் கெடும், இரட்டைப்படை இடத்தது முழு உயிராகும். இடையே முழு உயிர் வந்தால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். இதை 1889இல் செக் அறிஞர் அந்தோனின் ஹாவ்லிக் வகுத்தார். வணிகன் ‘குப்யேத்ஸ்’ எனவும், வணிகனுடைய என்பது ‘குப்த்ஸா’ எனவும் அமைவது இதனால்தான்: முன்னதன் பழைய வடிவில் இறுதியிலும் ஒரு குற்றுயிர் இருந்ததால் விகுதியின் உயிர் இரண்டாம் இடம் பெற்று எகரமாக நின்றது; பின்னதில் இறுதியில் முழு உயிர் இருப்பதால் அது முதலிடம் பெற்றுக் கெட்டது. இன்றும் பாதித் தாள்களில் “எகரம் இடையில் செருகப்பட்டது” என்றே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது.

பொருள் ஒன்றானால் பிறப்பும் ஒன்று என்பது

‘உச்சீதெல்’ (ஆசிரியர்), ‘வ்ரதார்’ (வாயில்காப்பவர், இன்று கோல்கீப்பர்) இரண்டும் ஆளைக் குறிப்பவை. ஆனால் ‘தெல்’ பரம்பரைச் சொத்து. சமஸ்கிருத ‘தாத்ரு’விலுள்ள விகுதியோடு உறவுடையதாகக் கருதப்படுகிறது. ‘ஆர்’ இலத்தீனின் ‘ஆரியுஸ்’. ஜெர்மானிய மொழிகளின் வழியே வந்த கடன்.

‘ஓஸ்த்’ என முடிந்தால் பெண்பால் என்பது

‘ஓஸ்த்’ விகுதி பெற்ற சொற்கள் பெண்பால்தான். ஆனால் விருந்தாளியைக் குறிக்கும் ‘கோஸ்த்’ ஆண்பால். அங்கே ‘ஓஸ்த்’ விகுதியே அன்று, வேரின் பகுதி.

ஸ்புத்னிக்கை ‘ஸ்புத்’ என்று வெட்டுவது

வழித்துணையைக் குறிக்கும் இச்சொல்லில் ‘ஸ்’ என்றால் உடன், ‘புத்’ என்றால் வழி, மீதியுள்ள ‘னிக்’ விகுதி.