குளிர்காலக் கடைசியில் தனியாக ஸ்னோஷூ நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்காலம் முடியும் வாரங்களில் மலைப்பனி காலையில் ஒன்று, மதியம் வேறொன்று. இரவில் இறுகிய மேற்பரப்பு காலை 8 மணிக்கு ஆளைத் தாங்கும். அதே இடத்தில் மதியம் 2 மணிக்கு ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் அகன்ற சட்டம்) போட்டிருந்தும் முழங்கால் வரை இறங்கிவிடும். தூரத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போடுவதுதான் முதல் தவறு. கோடையில் 2 மணி நேரம் பிடிக்கும் ஏற்றத்துக்கு 4 மணி நேரமாவது ஒதுக்குங்கள். புதுப்பனியில் தடம் போடுவது உடம்பை உருக்கும் வேலை. குழுவில் ஆளுக்கு ஆள் மாறி முன்னால் போகலாம், தனி ஆளுக்கு அது வாய்க்காது. விடியும்போதே கிளம்புங்கள். திரும்பும் நேரத்தை முன்பே முடிவு செய்யுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்புங்கள்.

காலையில் கடந்த பனிப்பாலம், அதாவது ஓடையின் மேல் மூடி நிற்கும் பனி, மாலையிலும் இருக்கும் என்று நம்பாதீர்கள். மேலே வெயிலும் அடியில் ஓடும் தண்ணீரும் சேர்ந்து அதை மெலிய வைக்கும். நடுவில் குழிந்திருந்தாலோ நிறம் மங்கியிருந்தாலோ சுற்றிப் போங்கள். திரும்பி வர வேறு வழி இல்லாத ஓடையைக் காலையிலும் கடக்க வேண்டாம்.

பனிச்சரிவு விஷயத்தில் சமரசமே கூடாது. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் புறப்படுகின்றன. தட்டையான பாதையில்தானே நடக்கிறோம் என்பது போதாது. தலைக்கு மேலே அப்படி ஒரு சாய்வு இருந்தால் பனிச்சரிவு வந்து விழும் இடத்தில்தான் நிற்கிறீர்கள். பனியில் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்ட சிக்னல் அனுப்பும் பீக்கன் கருவி தனி ஆளைக் காப்பாற்றாது. அதன் சிக்னலைப் பிடித்துத் தோண்டி எடுக்க இன்னொருவர் வேண்டும். அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் படிக்காமல் வீட்டை விட்டு இறங்காதீர்கள். வெயில் ஏறியபின் சாய்விலிருந்து பனி உருண்டைகள் தாமாக உருண்டு வந்தால் ஈரப்பனி இளகத் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கத்தை விட்டு உடனே விலகுங்கள்.

ஊசியிலை மரங்களின் அடியில் கிளைகள் பனியைத் தடுப்பதால் தண்டைச் சுற்றி ஆழமான குழி மறைந்திருக்கும். தலைகீழாக விழுந்தால் தனியாக வெளியே வருவது மிகக் கடினம். கிளை நுனிகளுக்கு வெளியிலேயே நடங்கள். மரங்களுக்கு நடுவே கைக்கம்பின் வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஸ்னோஷூவை மாட்டும்போது முன்பாதத்தின் அகன்ற பகுதி சரியாகச் சுழல் அச்சின் (குதிகால் தூக்கும்போது கால் சுழலும் இடம்) மேல் இருக்க வேண்டும். முன்னால் தள்ளியிருந்தால் விரல் சட்டத்தில் இடிக்கும், பின்னால் இருந்தால் ஏற்றத்தில் ஸ்னோஷூவின் அடியில் உள்ள உலோகப் பல் பனியைப் பிடிக்காது. இரண்டு பாறைகளுக்கு நடுவே பாலம் போல மிதித்தால் சட்டம் வளையும். இறக்கத்தில் ஸ்னோஷூவோடு உட்கார்ந்து சறுக்குவது கணுக்காலை முறிக்கும் வழி, அடியில் உள்ள பல் ஓரிடத்தில் மாட்டினால் கால் நின்றுவிடும், உடம்பு நிற்காது. ஸ்னோஷூவைக் காலோடு கட்டும் ரப்பர் வார் குளிரில் விறைத்தால் திடீரென்று அறுந்துவிடும். உதிரி வார் ஒன்று, கேபிள் டை நான்கைந்து, கொஞ்சம் கம்பி எடுத்துச் செல்லுங்கள். இவை இல்லாமல் வார் அறுந்தால் மிச்ச தூரம் முழுக்க ஒவ்வோர் அடியும் தொடை வரை புதையும்.

கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் உடை அதிகம். வியர்வையில் நனைந்த துணி, நின்றதும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பருத்தி வேண்டவே வேண்டாம். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேல்பக்கம் உருவாகும், மூடி உறையாது. போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். மேகம் மூடிய நாளிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். பனியிலிருந்து தெறிக்கும் புற ஊதாக் கதிர் கண்ணைச் சுட்டுவிடும்.

பாதை, வண்டி நிறுத்திய இடம், மீட்புக் குழுவை அழைக்க வேண்டிய நேரம் மூன்றையும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். பாதை சரியில்லை என்றால் எங்கே போவீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும், இல்லையென்றால் தேடுபவர்கள் வேறு மலையில் தேடுவார்கள்.