குமரியில் நாள்கணக்கில் கரண்டு போனால்

கோடை மழையில் போகும் கரண்டு பெரும்பாலும் ராத்திரிக்குள் வந்துவிடும். கார்த்திகைக் காற்றில் போனால் அந்தக் கணக்கு செல்லாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ரப்பரும் தென்னையும் கம்பங்களையும் சேர்த்துச் சாய்த்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மரத்தை அறுத்து அகற்றினால்தான் கம்பம் நட முடியும், கம்பம் நின்றால்தான் கம்பி இழுக்க முடியும். தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் வீட்டுக்கு முறை கடைசியில்தான் வரும். ஆகவே இன்வெர்ட்டரை மட்டும் நம்பும் ஏற்பாடு முதல் ராத்திரியோடு முடிந்துவிடும்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். 1 எச்பி மோட்டார் ஓடும்போதே சுமார் 1,000 வாட் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு. சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இதைத் தாங்காது. புயல் எச்சரிக்கை வந்ததுமே மாடித் தொட்டி, சருவம், குடம் எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள். மோட்டார் வந்தபின் கப்பியைக் கழற்றிப் போட்ட வீடுகள் ஐப்பசிக்கு முன்பே அதைத் திரும்ப மாட்டி, எண்ணெய் விட்டு, ஒரு வாளி கோரிப் பார்த்துவிட வேண்டும். கயிறு கிணற்றின் ஆழத்தைவிட 3 மீட்டராவது கூடுதலாக இருக்கட்டும். மெல்லிய நைலான் கயிறு கையை அறுக்கும்; தடித்த தும்புக் கயிறுதான் பிடிக்க வாகு.

கிணற்றில் மழை வெள்ளம் இறங்கியிருந்தால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். வட்டக் கிணற்றுக்கு விட்டம் × விட்டம் × தண்ணீரின் ஆழம் (எல்லாம் மீட்டரில்) × 785 என்று பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 2 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் தண்ணீரும் என்றால் 12,560 லிட்டர். 31 கிராம் போதும். பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிய 10 நிமிடம் விட்டு, தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கோரலாம். குடிக்க எப்படியும் கொதிக்க வைத்துத்தான். திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. நெடி அடிக்காவிட்டால் வேறு வாங்குங்கள்.

இன்வெர்ட்டருக்கு வருவோம். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1,800 வாட்-மணி இருக்கும். பேட்டரியைக் கெடுக்காமல் 1,000 எடுக்கலாம். 75 வாட் ஃபேன் ஒன்றும் 9 வாட் எல்இடி இரண்டும் ஓடினால் பத்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஃபேனை விட்டுவிட்டு, சாயங்காலம் 3 மணி நேரம் மட்டும் அந்த இரண்டு பல்பையும் எரித்தால் கணக்கே வேறு: இன்வெர்ட்டர் தனக்கென்று எடுக்கும் 15 வாட்டையும் சேர்த்து நாளுக்கு 100 வாட்-மணிதான். ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். கார்த்திகைக் குளிருக்கு ஃபேன் எதற்கு? கொசுவலை போதும். எதுவும் எரியாதபோதும் இன்வெர்ட்டர் பேட்டரியைத் தின்னும், அதனால் அதன் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். ‘பீப்’ அடித்து நின்றபின் திரும்பத் திரும்ப அமுக்க வேண்டாம். காலியான பேட்டரி நாள்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து ஆயுள் குறையும்.

டவர்களின் பேட்டரியும் தீரும் என்பதால் போனை மட்டும் நம்ப முடியாது. செல் போட்ட சிறிய ரேடியோவில் நாகர்கோவில் பண்பலை 101 கேட்கலாம்.

ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் 4 மணி நேரம் குளிர் நிற்கும். அதற்குப் பிறகு மீன், இறைச்சி, பால் எதையும் வைத்துப் பார்க்காதீர்கள். மீனை அன்றே புளிக்கறியாக்கிவிடுங்கள். தேங்காய் அரைத்தால் சீக்கிரம் ஊசிப்போகும், மிக்சியும் ஓடாது. மரச்சீனி, பயறு, கருவாடு கையிருப்பு இருந்தால் சோற்றுக்குக் கவலையில்லை. அடுப்பெரிக்கக் கொதும்பும் சிரட்டையும் ஒரு சாக்கில் நனையாமல் இருக்கட்டும். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நான்கு வாரம்வரை கெடாது. உங்களுடையதின் அட்டையில் போட்டிருப்பதைப் பாருங்கள்.

ஜெனரேட்டரைத் திண்ணையிலோ கார் ஷெட்டிலோ வைக்காதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூங்குகிறவர் எழமாட்டார். ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, மழை படாத இடத்தில் வையுங்கள். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் அதைச் சுவர் பிளக்கில் செருகுவது ஆளைக் கொல்லும் வேலை. அந்த மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர் வழியே பின்னோக்கி ஏறி 11,000 வோல்ட்டாகும்; கம்பியைப் பிடித்து நிற்கும் லைன்மேன் ‘லைன் ஆஃப்’ என்று நம்பிக்கொண்டிருப்பார். வீட்டு லைனை வெளிக் கம்பியிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாவிட்டால் எக்ஸ்டென்ஷன் வயரில் நேரடியாக இரண்டு பல்பு, போன் சார்ஜர் மட்டும் போடுங்கள்.

இதே காரணத்தால், ஊரே இருட்டாக இருந்தாலும் அறுந்த கம்பியில் கரண்டு இருக்கலாம். கம்பிமேல் கிடக்கும் மரத்தில் வெட்டுகத்தி வைக்காதீர்கள். 10 மீட்டர் விலகி நின்று மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) அழைத்து, பக்கத்துக் கம்பத்தின் எண்ணைச் சொல்லுங்கள்.

அதிகம் பொருள் கெடுவது கரண்டு திரும்பி வரும்போதுதான். நியூட்ரல் கம்பி அறுந்திருந்தால் சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கும் 400 வோல்ட்வரை ஏறலாம். அதனால் கரண்டு போனதுமே ஃப்ரிட்ஜ், டிவி, மோட்டார் எல்லாவற்றின் பிளக்கையும் உருவி, ஒரே ஒரு குண்டு பல்பை மட்டும் போட்டு வையுங்கள். வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசினாலோ, சிவந்து மங்கினாலோ மெயினை இறக்குங்கள். மல்டிமீட்டர் இருந்தால் 210க்கும் 250க்கும் நடுவே நிற்க வேண்டும். 15 நிமிடம் நிலையாக நின்றபின் முதலில் இன்வெர்ட்டர், பிறகு ஃப்ரிட்ஜ், கடைசியில் மோட்டார். சுவிட்ச் போர்டுவரை வெள்ளம் ஏறிய வீடானால் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைத் தொடக்கூடாது.