நேரோபோட்டில் லாக் கடப்பது எப்படி? லங்கோலன் கால்வாய்க்குப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓடும் லங்கோலன் கால்வாயில் நேரோபோட்டை (கால்வாய்க்கென்றே கட்டிய ஒடுக்கமான நீளப் படகு) வாடகைக்கு எடுத்து ஓட்ட லைசென்ஸ் எதுவும் வேண்டாம். சுக்கான் பிடியை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும், எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும், மணிக்கு 4 மைலைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். படகைக் கால்வாயின் ஒரு மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் லாக் அப்படியில்லை. சொல்லிக் கேட்கும்போது புரியும். தண்ணீர் இரைச்சலோடு பாய ஆரம்பித்ததும் எதை முதலில் செய்வது என்று கை நின்றுவிடும். அதனால் இங்கே லாக் பற்றி மட்டும்.

இரண்டு முனையிலும் கதவு வைத்த கல் தொட்டிதான் லாக். அகலம் சுமார் 7 அடி, படகு 6 அடி 10 அங்குலம். பம்ப் கிடையாது, மதகைத் திறந்தால் மேலேயிருந்து தண்ணீர் தானாக வந்து தொட்டியை நிரப்பும், படகு உயரும். மதகைத் தூக்க விண்ட்லாஸ் என்ற கைப்பிடி வேண்டும். அலுமினியத்தில் இருப்பது லேசானது என்பார்கள். என் ஓட்டு இரும்புக்குத்தான்: தண்ணீரில் விழுந்தால் கயிற்றில் கட்டிய காந்தத்தைப் போட்டு எடுத்துவிடலாம். எதுவானாலும் மதகுத் தண்டில் மாட்டியபடி விட்டு நகராதீர்கள். தண்டைப் பிடித்திருக்கும் பல் நழுவினால் விண்ட்லாஸ் சுழன்று கையை உடைத்துவிடும்.

1. ஏறும்போது

லாக்குக்கு முன்பே ஓர் ஆளை விண்ட்லாஸோடு இறக்கிவிடுங்கள். தொட்டி காலியாக இருந்தால் உள்ளே போகலாம். நிரம்பியிருந்தால், மேலேயிருந்து யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டுக் காலி செய்யுங்கள். வந்தால் அவர்களுக்குத்தான் முதல் வழி. படகு நுழைந்ததும் கீழ்க்கதவையும் அதன் மதகுகளையும் மூடுங்கள். பிறகு மேல் மதகைப் பாதி மட்டும் தூக்குங்கள். தரையோடு இருக்கும் மதகு முதலில், கதவிலேயே இருக்கும் மதகு கடைசியில். மாற்றிச் செய்தால் தண்ணீர் படகின் முன்பக்கத்தில் கொட்டும்.

இரண்டு பக்கமும் மட்டம் சமமானால்தான் கதவு திறக்கும். அசையவில்லையென்றால் மல்லுக்கட்டாமல் இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள்.

2. இறங்கும்போது

இங்கேதான் நிதானம் வேண்டும். மேல்கதவின் அடியில் ஒரு கல் மேடை தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பெயர் ‘சில்’ (cill). தொட்டி நிரம்பியிருக்கும்போது அது கண்ணுக்கே தெரியாது. தண்ணீர் இறங்க இறங்க ஈரம் சொட்டும் கறுத்த கல்லாக வெளியே வரும். படகின் பின்பகுதி அதற்கு மேலே இருந்துவிட்டால் பின்பக்கம் கல்லில் உட்கார்ந்துவிடும், முன்பக்கம் மட்டும் தண்ணீரோடு கீழே போகும். நிமிடங்களில் படகு மூழ்கிவிடும்.

சில் எதுவரை நீள்கிறது என்பதற்கு லாக்கின் ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். சுக்கானும் சேர்த்துப் படகு முழுவதும் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கீழ் மதகைத் தொட வேண்டும். ஓட்டுகிறவர் தண்ணீர் இறங்கும் நேரம் முழுக்கக் கோட்டைப் பார்த்தபடி இருக்கட்டும். போட்டோ அப்புறம் எடுக்கலாம். கயிற்றை இறுக்கிக் கட்டவும் கூடாது, படகு தொங்கிவிடும்.

ஒருவேளை மாட்டிக்கொண்டால் கீழ் மதகுகளை உடனே மூடுங்கள். மூடிய பிறகு மேல் மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து தொட்டியை நிரப்பினால் படகு மிதந்துவிடும். இந்த வரிசையைக் கிளம்புமுன் எல்லோரும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மதகடியில் நிற்பவருக்கு ஓட்டுகிறவரின் குரல் கேட்காது என்பதால் கை சைகையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

3. வெளியேறும்போது

படகு வெளியே வந்ததும் பாருங்கள்: மதகு எல்லாம் கீழே இறங்கி, கதவு மூடியிருக்கிறதா? அவ்வளவுதான், கிளம்பலாம்.

பின்சேர்க்கை: லாக்கில் ஏற நுழையும்போது படகு பக்கவாட்டில் தள்ளப்படுகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். லங்கோலன் கால்வாயில் டீ (Dee) ஆற்றுத் தண்ணீர் ஹார்ஸ்ஷூ ஃபால்ஸ் என்ற தடுப்பணையிலிருந்து ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கம் வரை எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. லாக்கைச் சுற்றி வரும் அந்த ஓட்டம், கீழ்க்கதவுக்குச் சற்று முன்னால் பக்கத்திலிருந்து வேகமாக வந்து விழும். வேகத்தை ரொம்பக் குறைத்தால் அது படகைச் சுவரில் சாத்திவிடும். தண்ணீர் வரும் பக்கமாக முனையைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்து, எஞ்சினுக்குக் கூடுதல் விசை கொடுத்து நேராக உள்ளே போங்கள்.

இன்னொன்று: இதே கால்வாயில் க்ரிண்ட்லி புரூக் என்ற இடத்தில் மூன்று லாக்குகள் இடைவெளியில்லாமல் படிக்கட்டாக இருக்கின்றன. ஏறுவதானால் அடித்தொட்டி காலியாகவும் மேலே உள்ள இரண்டும் நிரம்பியும் இருக்க வேண்டும். இறங்குவதானால் உச்சித்தொட்டி மட்டும் நிரம்பியிருக்க வேண்டும். சீசனில் அங்கே ஊழியர் இருப்பார். அவர் கைகாட்டாமல் நுழையாதீர்கள்.